தெரியாததைத் தொடாதே

இருபத்தேழு வருடம் நான் ஒன்றிலிருந்து ஐந்து வரை பாடம் நடத்தினேன். தா.பழூர்ப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், பெருமழை வந்தால் எல்லோரும் ஒரே அறை. ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையில் டீச்சரம்மா, பஸ்ஸில் டீச்சரம்மா, எங்கள் வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால் "ஏ டீச்சரு" என்றுதான் ஆரம்பிப்பார். ஊரே சேர்ந்து ஒருத்தியை இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறத்தான் செய்யும். எனக்கு நிறையவே ஏறியிருந்தது. என் மகளுக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி வைக்கும் பிள்ளையை எனக்குப் பிடிக்காது. சரியா தவறா கேள்விகளுக்கு, கேள்வியையே படிக்காமல் வரிசையாகச் 'சரி, சரி, சரி' என்று எழுதிவிட்டு வருவான் பாருங்கள், அவன் வாங்கிய மார்க்கிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிடுவேன். "தெரியலைன்னா வெறுமனே வுடு. தெரியாததைத் தொடாத" என்பேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நடக்கும் பரீட்சைகள் எதுவும் என்னைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

என் மகளும் ஐந்து வருடம் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை என்னை டீச்சர் என்பாள். வாசலைத் தாண்டியதும் அம்மா என்பாள். ஒருநாள்கூட அவள் இதை மாற்றிச் சொன்னதில்லை. சக ஆசிரியை இதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், புள்ளைய இப்பிடிப் பழக்கி வெச்சிருக்கீங்க" என்பார். அவர் பாராட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு டாக்டர் ஆசை வந்தது என்னால் அல்ல. இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன். அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை கோழி உரித்தால் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். இதயத்தைத் தனியே வாங்கி, கழுவி, உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பாள். "இதுல இருந்து எந்தப் பக்கமாப்பா ரத்தம் போவும்?" என்று கேட்பாள். அவர் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் போகும் என்று கேட்டால் சொல்வார். இதற்கு என்ன சொல்வார்? "அம்மாவ கேளு" என்பார். எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் ஏதோ சொன்னேன்.

தொண்ணூற்றெட்டில் பத்தாவது எழுதிப் பள்ளியில் முதலாவதாக வந்தாள். மார்க் வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அரியலூரில் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் போட்டால் பத்தோடு பதினொன்றாகிவிடுவாள், பெரம்பலூரில் ஹாஸ்டலோடு இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் போடுங்கள், அங்கேதான் டாக்டர் சீட்டுக்குத் தயார் செய்கிறார்கள் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை. மாதக்கணக்கில் பிள்ளையைப் பிரிந்திருக்க அவரால் முடியாது. ஆனால் அதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, "அங்க தண்ணி சரியில்லன்னு சொல்றாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். பெரம்பலூர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊரே உயிரோடுதானே இருக்கிறது என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சேர்க்கைக்குப் போன அன்று ஆபீஸில் இருந்த கிளார்க் நல்ல மனுஷர். படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"டாக்டருக்குத்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா மேத்ஸ் வேணாம்மா. ப்யூர் சயின்ஸ் எடுத்துக்கலாம். தமிழ் மீடியத்துலேர்ந்து வர்ற புள்ள, கொஞ்சம் பாரம் கொறையும்."

"பயோ மேத்ஸே போடுங்க சார்" என்றேன். "டாக்டர் கெடைக்கலன்னா இன்ஜினியர்னு ஒண்ணு இருக்கட்டும்."

அவர் என் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"அம்மா சொல்றதுதான் சார்."

எனக்கு அப்போது உச்சி குளிர்ந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று, திரும்பி வரும்போது அரியலூர் வரைக்கும் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்தப் பள்ளியில் ப்ளஸ் ஒன் புத்தகம் ஒரு மாதம்தான் கையில் இருந்தது. அதன் பிறகு அதை மூட்டையில் கட்டிவிட்டு ப்ளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமும் ஒரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தால் மார்க் வரும் என்பது கணக்கு. வாரத்துக்கு மூன்று டெஸ்ட் வைத்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நாங்கள் பிள்ளையைப் பார்க்கலாம்.

 இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் குழம்பும் வறுவலுமாகப் போய் இறங்குவோம். பள்ளிக்கு எதிரே வரிசையாகப் புளியமரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் இரண்டு மூன்று குடும்பம். அரியலூர்ப் பக்கத்தவர்கள், பெரம்பலூர்க் கிராமங்களிலிருந்து சோளக்கொல்லையையும் வெங்காயம் அடுக்கிவைத்த பட்டறையையும் விட்டுவிட்டு வந்தவர்கள், கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு துளசியை மடியில் முடிந்து எடுத்து வந்தவர்கள். எல்லா அம்மாக்களும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரு வாய் ஊட்டுவது, ஒரு மார்க் கேட்பது. "கெமிஸ்ட்ரி எவ்வளவு?" அடுத்த வாய். "பிசிக்ஸ் எவ்வளவு?" பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு இறங்கும்?

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ போனபோது என் மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"பிசிக்ஸ் ஒண்ணுமே புரியலம்மா. தமிழ்ல எனக்குத் தெரிஞ்சதுகூட இங்கிலீஷ்ல பார்த்தா தெரியாத மாதிரி இருக்கு. அழுகையா வருது."

"மொதல்ல மனப்பாடம் பண்ணு. புரியறது தானா வரும்" என்றேன்.

ஒரு ஆசிரியை வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையா இது? என் வகுப்பில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்தால் விடமாட்டேன். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். சொன்னபடியே செய்தாள். அடுத்த முறை போனபோது பக்கம் பக்கமாக ஒப்பித்தாள். மார்க்கும் ஏறியது.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "கூட்டியாந்துருவமா? கண்ணுக்குக் கீழ கருத்துப் போச்சு அதுக்கு. அரியலூர்லயே தமிழ்ல படிக்கட்டும். வூட்டுல இருந்து போயிட்டு வரும்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா வாங்க."

அவர் சும்மா வந்தார். எங்கள் வீட்டில் அவர் பேச்சை நிறுத்தினால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படி அந்த இரண்டு வருடத்தில் பலமுறை ஜெயித்தேன்.

மரத்தடியில் ஒருவர் வருவார். கையில் எப்போதும் ஒரு கெட்டி ஃபைல் இருக்கும். எந்தக் கல்லூரியில் எத்தனை சீட்டு, போன வருடம் எந்தப் பிரிவுக்கு எந்த மார்க்கோடு சீட்டு நின்றது, ப்ளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் எப்படிக் கூட்டி முந்நூறுக்குக் கட்-ஆஃப் போடுவார்கள் என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருந்தது. பெற்றோர் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்போம். ஒருநாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தப்பா போட்டா கால் மார்க் பிடிச்சிடுவான். தெரியாததுல கை வைக்கக் கூடாது." நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் நான் ஒரு சின்ன ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததையே பெரிய பரீட்சைக்காரர்களும் சொல்கிறார்களே என்று.

அவர் மகன் எழுதவிருந்தது வேறு ஏதோ பரீட்சை, டில்லியிலிருந்து நடத்துவது. அவர் பேசியது அதைப் பற்றி. எந்தப் பரீட்சைக்குங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பள்ளியிலும் எத்தனையோ ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களையாவது கேட்டிருக்கலாம். நானே ஒரு டீச்சர், இதைப் போய் இன்னொரு டீச்சரிடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அதே பள்ளியில் ஒரு மாதம் நுழைவுத் தேர்வு வகுப்பு உண்டு. என் மகள் இருக்கமாட்டேன் என்றாள். அவள் என்னிடம் எதையும் மாட்டேன் என்று சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அவளுடைய ஜாக்கெட்டுகள் எல்லாம் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவு இளைத்திருந்தாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. "சரி வா, வூட்டுல நானே சொல்லித் தரேன்" என்று கூட்டி வந்துவிட்டேன். அவள் அப்பா அன்று பஸ்ஸில் அவளுடைய பெட்டியைக் கடைசிவரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

சக ஆசிரியையின் சொந்தக்காரப் பையன் பயன்படுத்திய கைடு ஒன்று கிடைத்தது. முன்பக்கத்தில் நாலைந்து தாள் கிழிந்து போயிருந்தது. தேர்வு விதிகள் எல்லாம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். கேள்விகள் பத்திரமாக இருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. விடைத்தாள் எப்படி இருக்கும் என்று கேட்டு, நானே கார்பன் தாள் வைத்து வட்டம் வட்டமாக வரைந்தேன். தினம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கூடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். தவறான ஒவ்வொரு வட்டத்துக்கும் சிவப்பு மையால் கால் மார்க் கழித்தேன்.

முதல் வாரம் அவள் சந்தேகமானதையும் நிரப்பினாள். கழித்தபின் மார்க்கைப் பார்த்து முகம் சுருங்கினாள். இரண்டாவது வாரம் குறைந்தது. கடைசி வாரத்தில் ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். ஒருநாள் கழிப்பதற்கு ஒன்றுகூட இல்லை. தாளை அவள் அப்பாவிடம் காட்டி, "பாருங்க, ஒரு தப்பு இல்ல" என்றேன். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ எடம் காலியா கெடக்கே?" என்றார். படிக்காத மனுஷருக்கு அது தெரிந்தது. "அது அப்பிடித்தான்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

ப்ளஸ் டூ மார்க் நன்றாக வந்திருந்தது. உயிரியலில் அவளுக்கு மேல் அந்தப் பள்ளியில் மூன்று பேர்தான். நுழைவுத் தேர்வு திருச்சியில். மே மாத வெயிலில் தேர்வு மையத்தின் சுவரோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகும்போது அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்: "பதட்டப்படாத. தெரியாததைத் தொடாத." அவள் சரிம்மா என்றாள்.

முடிந்து வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை விட்டாய் என்பது. எல்லாத் தாளும் சேர்த்து முப்பத்தொண்ணு என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நேரம் போதாமலா என்றேன். நேரம் இருந்தது, கடைசியில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதியிலேயே போதும் என்று வைத்துவிட்டாள். வெயிலில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மீதியை நான் குடித்தேன்.

கட்-ஆஃப் வந்தது. சீட்டு உறுதி என்று சொல்லும்படியும் இல்லை, போய்விட்டது என்று சொல்லும்படியும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் கவுன்சலிங்குக்குச் சென்னைக்கு வரச்சொல்லி அட்டை வந்தது. நானும் அவளும் போனோம். நெல் அறுப்பு நேரமாக இருந்ததால் அவர் வரவில்லை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மாற்றுச் சான்று எல்லாவற்றையும் மூன்று மூன்று நகலாக மஞ்சள் பையில் வைத்துக் கட்டிக் கொடுத்து, "எது கேட்டாலும் எடுத்து நீட்டிடு பாப்பா" என்றார்.

பெரிய கூடம். முன்னால் பலகையில் எத்தனை சீட்டு மிச்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்பர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போனது. எங்கள் பிரிவில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டரை மணிக்கு அது தீர்ந்துவிட்டது. அப்போது எங்களுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசம். மைக்கில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், மற்றவர்கள் போகலாம் என்று. என் மகள் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

பக்கத்து நாற்காலியில் வேட்டி சட்டையில் ஒருவர். செட்டிகுளம் பக்கத்தில் வெங்காய வெள்ளாமை. காலையிலிருந்து பேச்சுத் துணையாக இருந்தவர். அவர் மகனுக்குக் கடைசியில் கிடைத்த சீட்டுகளில் ஒன்று கிடைத்திருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை.

"எல்லாம் அவன் அதிர்ஷ்டந்தாங்க. முக்காமணி நேரத்துல தெரிஞ்சத எழுதிட்டானாம். மிச்சத்துக்கு மணி அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி, கேள்வியப் படிக்கக்கூட இல்ல, ஒரே நெட்டா 'பி' போட்டு நெரப்பிட்டு வந்துட்டானாம். அதுல பத்து சரியாப் போச்சுங்க!"

"தப்புக்கு மார்க் பிடிப்பாங்களே?" என்றேன்.

"எதுக்குங்க பிடிக்கறாங்க? இதுல அதெல்லாம் கெடையாதே. எம் மவன் சொன்னானே."

அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். காலையில் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்துப் பாவம் என்றுகூட நினைத்தேன்.

என் மகள் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மத்தியானமே திருச்சி பஸ் ஏறிவிட்டோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அல்லது தூங்குவது போல இருந்தாள். நான் கணக்குப் போட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. ஒரு கேள்விக்கு நாலு வட்டம். முப்பத்தொரு கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தாலும் ஏழெட்டு சரியாக வந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது அதில் இரண்டோ மூன்றோ. விழுப்புரம் வருவதற்குள் இந்தக் கணக்கை இருபது தடவை போட்டிருப்பேன். விடை மாறவில்லை. பெரம்பலூரில் இறங்கும்போதும் மாறவில்லை. 

வீட்டில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பையை வாங்கி உள்ளே வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாக அவளிடம் கேட்டார்.

"மறு வருஷமும் எழுதலாமாமே பாப்பா? இம்ப்ரூவ்மென்ட்டுன்னு ஒண்ணு இருக்குதாமே. ஒரு மார்க்குதான்னு சொல்றீங்க. இன்னொரு வருஷம் எழுதிப் பாரேன்."

அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "போதும். ரெண்டு வருஷமாப் புள்ளைய வதைச்சது போதும். அவ இஷ்டத்துக்கு ஒரு டிகிரி படிக்கட்டும்."

கேட்பவர்களுக்கு அது பெற்ற தாயின் இரக்கமாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. "அதுவும் சரிதான்" என்றார். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அவள் மறுபடி எழுத வேண்டுமானால் எல்லா வட்டத்தையும் நிரப்பு என்று நான் சொல்லியாக வேண்டும். ஏன் போன வருடம் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் அவர் கேட்பார். ஊர் கேட்கும். டீச்சரம்மாவே தன் பிள்ளையின் சீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று டீக்கடையில் பேசுவார்கள். இந்த வருடம் விதியை மாற்றிவிட்டார்களாம் என்று ஒரு பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். எத்தனையோ நாள் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பொய்யைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று.

அவள் அரியலூரில் விலங்கியல் சேர்ந்தாள். தினம் பஸ்ஸில் போய்வந்தாள். பிறகு பி.எட். பிறகு பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. ப்ளஸ் டூவுக்கு உயிரியல் எடுத்தாள். இதயத்தின் அறைகளைக் கரும்பலகையில் படம் போட்டு அவள் நடத்தினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்று அங்கே படிக்கும் பெண்ணின் அம்மா ஒருத்தி என்னிடம் பஸ்ஸில் சொன்னாள். அவளிடம் படித்த பிள்ளைகளில் இரண்டு பேருக்கு டாக்டர் சீட்டு கிடைத்தது. அவள் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. எனக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருவாள், அப்பாவோடு பேசுவாள், எனக்கு முறுக்குப் பிழிந்து கொடுப்பாள். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சென்னை போய் வந்த பிறகான ஏழு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இனி ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே சீட்டு. அந்த வாரம் அவள் வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார். அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

"இனிமே அந்தப் பரீட்சையே கெடையாதாமே."

"ஆமாம்மா. ஸ்கூல்ல சொன்னாங்க."

அவள் தலை நிமிரவில்லை.  பரீட்சையே ஒழிந்துவிட்டது, இனி சொன்னால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பரீட்சையில தப்புக்கு மார்க் பிடிக்கவே மாட்டாங்களாம். நாந்தான் தப்பா சொல்லிட்டேன். ஒன் சீட்டு போனது என்னாலதான்."

அவள் பேனாவை மூடினாள். "தெரியும்மா" என்றாள்.

"எப்பத் தெரியும்? சென்னையில அந்த ஆளு பேசினது காதுல வுழுந்துச்சா?"

"அதுக்கு முன்னாடியே. கேள்வித்தாள் மொத பக்கத்துலயே போட்டிருந்துச்சு. தமிழ்லயும் போட்டிருந்துச்சு, இங்கிலீஷ்லயும் போட்டிருந்துச்சு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. அவள் மேல்தான் கோபம் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "படிச்சியா? படிச்சுட்டுமா வுட்டுட்டு வந்த? இருபது நிமிஷம் இருந்துச்சுன்னு சொன்னியேடி!"

"ரெண்டு தடவ பென்சில எடுத்தேன். நீ சொன்னதுக்கு மேல ஒண்ணு செஞ்சு எனக்குப் பழக்கமே இல்லியேம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வெச்சுட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். வெளியே மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அப்ப மறு வருஷம் அப்பா எழுதுன்னு சொன்னாரே. எழுதறேன்னு நீ சொல்லியிருக்கலாமே. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன் சும்மா இருந்த?"

"ஃபாரம் வாங்கி வெச்சிருந்தேம்மா" என்றாள். "சென்னையில இருந்து வந்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுல நீ வெரல் வுட்டு எண்ணிக்கிட்டே வந்த. தப்பா சொல்லிட்டேன், இந்த தடவ எல்லாத்தையும் நெரப்பிட்டு வான்னு ஒரு வார்த்த நீ சொல்லுவன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். கடைசித் தேதி வரைக்கும் பார்த்தேன்."

சொல்லிவிட்டு மறுபடி பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாள்.

அந்தக் கடைசித் தேதி எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வரும் பேப்பரில் பார்த்திருந்தேன். அன்று சாயங்காலம் அவள் கல்லூரியிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவினோம். முக்கால் மணி நேரம் இருக்கும். அவ்வளவு நேரத்தில் நான் அவளிடம் பேசியது, காம்பு விழாமல் பார்த்து உருவு என்பது ஒன்றுதான். சரிம்மா என்றாள்.